நடுவனின் விசிறிகள்

நடுவனுக்குச் சளி பிடித்திருக்கிறது என்று தூத்துக்குடியில் ஒரு வாரமாகப் பேச்சு. மன்றத்துக்குப் போய் வந்தவர்கள் எல்லாரும் அதையே சொன்னார்கள். தீர்ப்புக் கூடத்தின் பின்சுவருக்கு அந்தப் பக்கம் ஏதோ ஓயாமல் இரைகிறதாம். வழக்கு நடக்கும்போது மட்டும் என்றால் பரவாயில்லை, எல்லாரும் எழுந்து போன பிறகும் நிற்கவில்லையாம்.

மெர்சலின் அதை நம்பவில்லை. எதையும் முதல் தடவையில் நம்புகிற ரகம் இல்லை அவள். பாலை முகர்ந்து பார்த்துத்தான் அடுப்பில் வைப்பாள். மகள் டெல்ஃபி பரீட்சை நன்றாக எழுதியதாகச் சொன்னால் வினாத்தாளைக் கொண்டு வா என்பாள். துறைமுகத்தில் பளுதூக்கிகளின் கணினிகளைப் பழுது பார்ப்பது அவள் வேலை. இயந்திரத்துக்குச் சளி பிடிக்காது, யாரோ எதையோ மறைத்தால்தான் அது சத்தம் போடும் என்பது இருபது வருட அனுபவம்.

புதன்கிழமை காலை அவள் கைபேசிக்கு ஒரு வேலைச்சீட்டு வந்தது. நடுவன் மன்றம், கருவியறை. விசிறி இரைச்சல். மின்காவலியை மீட்டமைக்கவும், முதல் தடவை. பிற்பகல் ஒன்று முதல் இரண்டு வரை. அதுவரை விசேஷம் ஒன்றுமில்லை. கீழே பொடி எழுத்தில் இன்னொரு வரி இருந்தது: கோரியவர், நடுவன். பணியாளர் பெயர் குறித்துக் கோரப்பட்டது.

அந்த வரியை அவள் இரண்டு தடவை படித்தாள். மன்றத்துக்கென்றே பழுது பார்க்கிறவர்கள் நாலு பேர் இருக்கிறார்கள். விசிறி இரைவதற்குத் துறைமுகத்திலிருந்து ஆள் கூப்பிடுவானேன்? அந்தக் கட்டடத்துக்குள் அவள் ஒரே ஒரு தடவை போயிருக்கிறாள், ஆறு வருடத்துக்கு முன்னால். இன்னொரு தடவை போக வைத்துவிடாதே என்று மாதா கோவிலில் மெழுகுவர்த்தி ஏற்றி வேண்டிக்கொண்டும் இருந்தாள்.

நடுவன் வருவதற்கு முன்பெல்லாம் தாத்தா போட்ட வழக்குக்குப் பேரன் தீர்ப்பு வாங்கினான். வாய்தா வாங்கியே ஒரு தலைமுறை தேய்ந்தது. அலுத்துப்போன ஜனங்கள் தயங்காத நீதிபதி ஒன்று வேண்டும் என்று கேட்டார்கள், கிடைத்தது. நடுவன் இரண்டு பக்கமும் கேட்கும், பதினோரு நிமிடத்தில் தீர்ப்புச் சொல்லும். மேல்முறையீடு கிடையாது. முடிந்த வழக்கைப் பற்றி அது மறுபடி வாய் திறக்கக் கூடாது, பழைய வாதி பிரதிவாதிகளைத் திரும்பக் கூப்பிடவும் கூடாது. பெற்றவர்கள் சொல்லிக்கொடுத்துவிடுவார்கள் என்பதால் பன்னிரண்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளின் சொல் சாட்சியாகாது. இத்தனையும் சட்டம். பிசிறில்லாத சட்டம் என்று ஊரே மெச்சியது.

மெர்சலினுக்கும் அது பதினோரு நிமிடம்தான் எடுத்துக்கொண்டது. ஐந்து வயது டெல்ஃபி பள்ளிக்கூடம் விட்டு யாரும் கூப்பிட வராமல் தானாக நடந்து, உச்சி வெயிலில் உப்பளத்து வரப்பில் உதடு வெடித்து உட்கார்ந்திருந்தாள். உப்பு வாருகிற பெண்கள்தான் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அன்று பிள்ளையைக் கூப்பிடுவது யார் முறை என்பதுதான் வழக்கு. அவர் முறை என்றாள் மெர்சலின். அவள்தான் வருவதாகச் சொன்னாள் என்றான் ரெமிஜியஸ், அவள் புருஷனாக இருந்தவன், விசைப்படகில் கடலுக்குப் போகிறவன். இருவரிடமும் அத்தாட்சி இல்லை. பிள்ளை தாயிடம், தகப்பனுக்கு மாதத்தின் முதல் ஞாயிறு இரண்டு மணி நேரம் என்று நடுவன் சொல்லிவிட்டது.

ஒரு மணிக்கு அவள் மன்றத்து வாசலில் நின்றாள். சாப்பாட்டு இடைவேளை. கூடம் காலி. ஆனாலும் அந்தச் சத்தம் கேட்டது, மாவு மில்லுக்குப் பக்கத்து வீட்டில் இருப்பது போல.

கூடத்துச் சேவகர் பெரும்படையான் சாவிக்கொத்தோடு வந்தார். உள்ளே வருகிறவர்களின் பெயரைக் கூவிக் கூப்பிடுவது அவர் உத்தியோகம். நடுவன் எத்தனையோ தடவை புதுப்பிக்கப்பட்டும் அந்த வேலையை மட்டும் மனிதத் தொண்டைக்கே விட்டிருந்தார்கள்.

"வாங்கம்மா. துறைமுகத்துல இருந்து வாறீகளோ?"

"உங்களுக்கு எப்படித் தெரியும்?" மெர்சலினின் குரலில் கூர் ஏறிவிட்டது.

"செருப்புல நிலக்கரித் தூசி கெடக்கே." அவர் அவள் முகத்தையே பார்த்தார். "ஒங்கள நான் எங்கயோ பாத்திருக்கேன்."

"நான் இந்தப் பக்கமே வந்ததில்ல."

"சரி," என்றார் பெரும்படையான். அந்தச் சரியில் சரி இல்லை.

"இது அடிக்கடி இப்படி இரையுமா?"

"சீட்டுல என்ன போட்டிருக்கு?"

"மீட்டமைப்பு, முதல் தடவைன்னு."

"அப்பம் முதல் தடவைதான்." கதவைத் திறந்துவிட்டு, ரெண்டு மணிக்குள்ள முடிச்சிருங்க என்று சொல்லி வெளியே முக்காலியில் உட்கார்ந்துகொண்டார்.

கருவியறையில் இரைச்சல் காதை அடைத்தது. நடுவன் ஆளுயர இரும்பு அலமாரி, முதுகில் ஆறு விசிறிகள். ஆறும் தலைதெறிக்கச் சுற்றின. அவற்றை ஓட்டுவது நடுவன் அல்ல. அலமாரியின் அடித்தட்டில் கட்டைவிரல் நகமளவு ஒரு சில்லு இருக்கிறது, அதுதான் மின்காவலி. அதற்குச் சட்டம் தெரியாது, நியாயம் தெரியாது. மேலே இருக்கிற பெரிய மூளை எவ்வளவு மின்சாரம் குடிக்கிறது, எவ்வளவு சூடாகிறது, விசிறி எத்தனை வேகத்தில் ஓட வேண்டும் என்று மட்டும் பார்த்துக்கொண்டிருக்கும். அதற்கு ஒரே ஒரு விதி உண்டு. அளவு தெரியவில்லையென்றால் கெட்டது நடக்கிறது என்றே வைத்துக்கொள், விசிறியை முழு வேகத்தில் ஓட்டு. மெர்சலினுக்கு இந்தச் சில்லை எப்போதுமே பிடிக்கும். உலகத்தில் தன்னைப் போல யோசிக்கிற ஒரே பொருள் அதுதான் என்று நினைப்பாள்.

உப்புக்காற்று அடிக்கிற ஊர். வெப்பத்தை அளக்கிற முனை கொஞ்சம் துருப்பிடித்தாலும் மின்காவலி அரண்டுவிடும். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். அதற்கு வைத்தியம் சுலபம். இரண்டு மின்கம்பிகளையும் பிடுங்கி, மின்காவலியின் பக்கத்தில் இருக்கிற சின்னக் குழிக்குள் ஊசியை விட்டுப் பதினைந்து எண்ணும் வரை அழுத்திப் பிடித்து, மறுபடி கம்பியைச் சொருகினால் முடிந்தது. சில்லு நேற்றுப் பிறந்த பிள்ளையாக எழுந்திருக்கும். பத்துக்கு ஒன்பது இரைச்சல் இதிலேயே அடங்கிவிடும்.

அவள் அதைச் செய்துவிட்டுப் போயிருக்கலாம். குணம் விடவில்லையே. பையிலிருந்து வெப்பமானியை எடுத்து விசிறிகளுக்குப் பின்னால் நீட்டினாள். இட்லிக்கொப்பரையைத் திறந்தது போல முகத்தில் அனல் அடித்தது. எண்ணைப் பார்த்தாள், துடைத்துவிட்டு மறுபடி பார்த்தாள். சூடு உண்மைதான். மின்காவலி அரளவில்லை, உள்ளதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது.

மின்கம்பியில் அளவியைக் கவ்வவிட்டாள். முழு மின்சாரமும் ஓடிக்கொண்டிருந்தது. கூடத்தில் ஒரு ஈ காக்காய் இல்லை. அப்படியானால் நடுவன் யாருக்காக இத்தனை உழைக்கிறது?

இப்போது அவளுக்குப் பயம் பிடித்துக்கொண்டது. ஆனாலும் நிறுத்த முடியவில்லை. மின்காவலியின் துளையில் தன் கைத்திரையை இணைத்தாள். எந்தப் பகுதி எப்போது எவ்வளவு மின்சாரம் கேட்டது என்று அது குறித்து வைத்திருக்கும். அதற்குத் தெரிந்த எழுத்து அவ்வளவுதான். மெர்சலின் விரலால் தள்ளித் தள்ளிப் படித்தாள். கேட்டது எல்லாம் ஒரே பகுதி: முடிந்த வழக்குகளின் பேழை. அதிலும் ஒரே ஒரு வழக்கு எண். ஒரு வாரமாக இரவு பகலாக நடுவன் அந்த ஒரு வழக்கைத் திறந்து படிக்கிறது, மூடுகிறது, மறுபடி திறக்கிறது.

அந்த எண் அவளுக்கு மனப்பாடம். அது எழுதிய காகிதம் வீட்டு அலமாரியில், டெல்ஃபியின் பிறப்புச் சான்றிதழுக்கு அடியில் இருக்கிறது.

அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அன்று காலை அவள்தான் ரெமிஜியஸுக்குக் குரல்செய்தி அனுப்பினாள். "நானே டெல்ஃபியக் கூப்பிட்டுக்கிடுதேன், நீங்க கடலுக்குப் போங்க." பிறகு ஒரு பளுதூக்கி பாதியில் நின்றது, கப்பல்காரர்கள் கத்தினார்கள். நேரமாகிவிட்டது என்று பிற்பாடு தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள். நேரமாகவில்லை. மறந்தே போனாள். பெற்ற பிள்ளையைச் சுத்தமாக மறந்தாள். ரெமிஜியஸின் கைபேசி அந்தப் பயணத்தில் கடலில் விழுந்துவிட்டது என்று தெரிந்த பிறகுதான் அந்தப் பொய்யே அவளுக்குத் தோன்றியது. தன் கைபேசியில் இருந்ததை அன்றிரவே அழித்தாள்.

அந்த விரிசலை நடுவன் எங்கோ பார்த்துவிட்டது. ஆறு வருடம் கழித்து, சொன்ன தீர்ப்பின் மேல் அதற்கே சந்தேகம் வந்துவிட்டது. தயங்காத நீதிபதி சுவருக்குப் பின்னால் இருந்து ஒரு வாரமாகத் தயங்கிக்கொண்டிருக்கிறது. ஊர் அதைச் சளி என்கிறது.

குனிந்து மின்காவலியைப் பார்த்தபோதுதான் இன்னொன்று கண்ணில் பட்டது. ஊசி விடுகிற குழியைச் சுற்றி வண்ணம் தேய்ந்து இரும்பு பளபளத்தது. ஒரு தடவைகூட மீட்டமைக்காத குழி அப்படித் தேயாது. அதற்குப் பக்கத்தில் திருப்புளியால் கீறிய சின்னச் சின்னக் கோடுகள், வரிசையாக, ஒவ்வொன்றும் ஒவ்வொரு கை. இருபதுக்கு மேல் இருக்கும். குறிப்பைத் தேடினாள். முந்தைய மீட்டமைப்பு: இல்லை. இருக்காதுதான். மீட்டமைத்தால் சில்லின் நினைவு அழிகிறது, அதை மீட்டமைத்தோம் என்ற நினைவும் சேர்ந்தே அழிகிறது. அதைப் பார்த்துத்தான் வேலைச்சீட்டு அச்சாகிறது.

கதவைத் திறந்தாள். பெரும்படையான் முக்காலியில் இருந்து எழுந்திருக்கவில்லை.

"எத்தன பேரு இதுக்கு முன்னால வந்திருக்காங்க?"

"முதல் தடவைன்னு சீட்டு சொல்லுதே."

"அண்ணாச்சி, மறைக்காம சொல்லுங்க."

அவர் சாவிக்கொத்தை ஒரு கையிலிருந்து மறுகைக்கு மாற்றினார். "நெறைய பேரு. முன்னல்லாம் ஒரு நாளு ரெண்டு நாளு இரைஞ்சுட்டு அடங்கிரும், ஊருக்குத் தெரியாது. எல்லாரும் ஒங்களப் போல வேற எடத்துல பழுது பாக்குறவுகதான். வந்த ஒடன முதுகுல சூடு பாப்பாக. அப்புறம் அந்தச் சின்னத் திரைய மாட்டிப் படிப்பாக. அப்புறம் மொகம் வெளுத்துரும். பொறவு அமுக்கிட்டுப் போயிருவாக."

"எல்லாருமேவா?"

"ஒருத்தர் பாக்கி இல்லாம. இன்னொண்ணு சொல்லுதேன், கோவிச்சுக்கிடாதீக. வந்தவுக எல்லாரும் இந்தக் கூடத்துல ஒரு வழக்கு ஜெயிச்சவுக. பேரு கூப்பிட்ட தொண்டையில்லா, மறக்காது." கொஞ்சம் நிறுத்தினார். "ஒங்களுக்கு ஆறு வருசம் இருக்குமா? பச்சைச் சேலை கட்டி வந்திய."

மெர்சலின் கதவைச் சாத்தினாள்.

பெயர் குறித்துக் கோரப்பட்டது. இப்போது புரிந்தது. பழைய வழக்கின் ஆளைக் கூப்பிட நடுவனுக்கு உரிமை இல்லை, பழுது பார்க்க ஆள் கூப்பிட உரிமை உண்டு. வாய் திறக்கக் கூடாது, சூடாகலாம். மின்காவலிக்கோ விசிறியைத் தவிர வேறு பாஷை தெரியாது. உண்மை தெரிந்த ஒரே ஆளைப் பக்கத்தில் வரவழைத்து, உன் வழக்கைத்தான் யோசிக்கிறேன், நான் சொன்னது சரிதானா என்று அது கேட்கிறது. மீட்டமைப்புப் படிவத்தின் கடைசியில் ஒரு கேள்வி உண்டு. வெப்பத்துக்குக் காரணம் கண்டறியப்பட்டதா? ஆம் என்று தொட்டால், நடுவன் என்ன செய்கிறது என்று நீதித்துறை திறந்து பார்த்தே ஆக வேண்டும். வழக்கும் திறக்கும்.

அவளுக்குக் கோபம் வந்தது. சந்தேகம் இருந்தால் அன்றைக்கே வந்திருக்க வேண்டியதுதானே? இப்போது டெல்ஃபிக்குப் பதினொன்று. தூங்கும்போது இன்றும் அம்மாவின் சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொள்கிறாள். அவளை எடுத்து, மாதத்தில் பாதி நாள் கடலில் கிடக்கிறவனிடம் கொடுப்பார்களா? பொய் சொன்ன தாய்க்கு மாதம் இரண்டு மணி நேரமாவது கொடுப்பார்களா? உப்பளத்து வரப்பில் கிடந்த பிள்ளையை அதற்குப் பிறகு ஒரு நாள், ஒரு நாள்கூட அவள் மறந்ததில்லையே. அதை எந்தப் பேழையில் எழுதி வைத்திருக்கிறது இந்த அலமாரி?

மணி ஒன்று நாற்பது. இரண்டு கம்பிகளையும் பிடுங்கினாள்.

விசிறிகள் ஒவ்வொன்றாகச் சோர்ந்து நின்றன. அந்த அமைதியில் தன் மூச்சே அவளுக்குப் பெரிதாகக் கேட்டது. ஊசியைக் குழிக்குள் விட்டு அழுத்தினாள். ஒன்று, இரண்டு என்று வாய்விட்டு எண்ணினாள். ஏழில் இன்னும் எடுத்துவிடலாம் என்று தோன்றியது. எடுக்கவில்லை. பதினைந்து சொல்லிக் கம்பியைச் சொருகினாள்.

விசிறிகள் மெல்ல எழுந்து, பனையோலை விசிறி வீசுகிற அளவுக்குச் சுற்றின. திரையில் கேள்வி வந்தது. வெப்பத்துக்குக் காரணம் கண்டறியப்பட்டதா? இல்லை என்பதைத் தொட்டாள். முதல் மீட்டமைப்பு, பதிவானது என்றது திரை.

பையை மூடும் முன் திருப்புளியை எடுத்து, கோடுகளின் கடைசியில் தானும் ஒன்று கீறினாள். ஏன் கீறினாள் என்று அவளுக்கே விளங்கவில்லை. செய்த பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்ய வேறு இடம் இல்லை போல.

எட்டு மாதம் கழித்து ரெமிஜியஸ் வழக்குப் போட்டான்.

முதல் ஞாயிறுகளில் அவள் டெல்ஃபியைக் கடற்கரைப் பூங்கா வாசலில் விட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போய்விடுவாள். அவன் முகத்தைப் பார்க்க வேண்டாம் என்று ஆறு வருடமாக அதுதான் வழக்கம். அவனும் ஐந்து நிமிடம் முன்பின்னாக வந்துவிடுவான். அந்த ஞாயிறு அவன் வரவில்லை. பிள்ளை ஒன்றரை மணி நேரம் வெயிலில் நின்றது. மயங்கி விழுந்ததை எவரோ படம் பிடித்துப் போட்டு ஊரெல்லாம் சுற்றியது. மறந்தானா, வேண்டுமென்றே வராமல் இருந்தானா, இன்றுவரை மெர்சலினுக்குத் தெரியாது.

கூடத்து வாசலில் பெரும்படையான் அவளை அடையாளம் கண்டுகொண்டார்.

"இப்பம்லாம் சத்தமே வாரதில்லம்மா. நீங்க வந்துட்டுப் போனதுக்கப்புறம் ஒருத்தரையும் அது கூப்பிடல. முன்ன பதினோரு நிமிசம், இப்பம் நாலே நிமிசம். நல்லாப் பாத்து விட்டிய."

அவள் உள்ளே போனாள். நடுவன் எல்லாவற்றிலிருந்தும் கற்றுக்கொள்ளும் என்று பயிற்சியில் சொல்லித்தந்திருந்தார்கள். ஒரே கேள்வியை அது இருபதுக்கு மேற்பட்டவர்களிடம் கேட்டது. உண்மை தெரிந்தவர்கள் எல்லாரும் ஒரே பதிலைச் சொன்னார்கள். சந்தேகத்துக்குக் காரணம் இல்லை.

"அன்னைக்கு என்னால வர முடியாதுன்னு முன்னாடியே சொல்லிட்டேன்," என்றான் ரெமிஜியஸ். "சரின்னு சொல்லிட்டு, பிள்ளையக் கொண்டாந்து வாசல்ல விட்டுட்டுப் போயிட்டா."

"பொய்! அப்படி ஒரு வார்த்த சொல்லவே இல்ல. அது அவர் முறை!"

அவன் அவளைப் பார்க்கவில்லை. கூடத்தின் இடது மூலையில் சுவர் தரையைத் தொடுகிற இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஆறு வருடத்துக்கு முன் பொய் சொல்லும்போது அவளும் அங்கேதான் பார்த்தாள்.

அத்தாட்சி உண்டா என்று நடுவன் இருவரையும் கேட்டது. இல்லை. டெல்ஃபி வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். பன்னிரண்டு ஆக இரண்டு மாதம் பாக்கி. அவள் சொல் சாட்சியாகாது.

மூன்றாவது நிமிடம் ஓடியது. மெர்சலின் கண்ணை மூடிப் பின்சுவரைக் காதால் துழாவினாள். ஆறில் ஒரு விசிறி கொஞ்சம் வேகம் கூடினால் போதும். கொஞ்சம் தயங்கு, ஒரு தடவை புரட்டிப் பார், ஒரே ஒரு தடவை சூடாகு என்று உள்ளுக்குள் கெஞ்சினாள். பிள்ளை தகப்பனிடம், தாய்க்கு மாதத்தின் முதல் ஞாயிறு இரண்டு மணி நேரம் என்று நடுவன் சொன்னபோதும் அவள் காது சுவரில்தான் இருந்தது.

சத்தமே இல்லை. அவள் எந்த வேலையையும் அரைகுறையாகச் செய்தது கிடையாது.